கழுத்து நாடிச் சத்திரசிகிச்சை முறைகளும் வலப்பனை மலைத்தோட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்து நாடிகளுக்குக் கிரேக்கர் இட்ட பெயர், ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் அவர்தம் சொல்லொன்றிலிருந்து பிறந்ததாகும். அந்நாடிகளை அழுத்தின் உணர்விழப்பு நேரும் என அவர்கள் கருதினர். எனினும், நாடியின் உட்சுவரிற் படியும் கொழுப்பும் சுண்ணமும் பாரிசவாதத்துக்கு ஏதுவாகும் என்னும் கருத்து வலுப்பெற்றது, 1951ஆம் ஆண்டிற் கனடிய மருத்துவ அறிஞர் மில்லர் பிஷர் வெளியிட்ட ஆய்வின் பின்னரேயாகும். அதன்பின் எழுந்த சத்திரசிகிச்சை முறைகளை ஒப்புநோக்கி, வலப்பனைத் தோட்டமொன்றில் வாழ்வார்க்கு அவ்வொப்பீடு தரும் பொருள் யாது என ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் செய்தவர் யார் என்பதில் வழக்குண்டு. 1951இல் புவனோஸ் அயர்ஸ் நகரிற் கரேயாவும் அவர்தம் துணைவரும் ஒடுங்கிய பகுதியை வெட்டி நீக்கி நாடியை மீள இணைத்தனர். அச்செய்தி அச்சேறியது 1955இல். 1953 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஹூஸ்டனில் டீபேக்கி, 53 வயதினர் ஒருவரின் நாடியைத் திறந்து படிவினை அகற்றினார். அந்நோயாளி மேலும் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். டீபேக்கியோ அதுபற்றித் தனிக் கட்டுரை எழுத 1975 வரை காத்திருந்தார். 1954 மே 19ஆம் நாள் இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் ஈஸ்ட்கொட், பிக்கரிங், றொப் ஆகியோர் உடலைக் குளிரச்செய்து மேற்கொண்ட சிகிச்சையே அவ்வாண்டு லான்செட் இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. இவ்வழக்கினும் நம் சிந்தனைக்குரியவர் அவ்விலண்டன் நோயாளியான 66 வயதுப் பெண்மணியே. முப்பதுக்கு மேற்பட்ட தடவைகள் அவருக்குத் தற்காலிக வாதம் வந்து நீங்கியிருந்தது.

பின்வந்த தசாப்தங்களில் மூன்று முறைகள் நிலைபெற்றன. நாடியை நீளவாக்கிற் பிளந்து படிவை உரித்தெடுத்து, அவ்விளிம்புகளையே தைத்து மூடுவது ஒன்று. தையலால் நாடி மீளவும் குறுகாதிருக்க, காலிலிருந்து எடுத்த நாளத்துண்டையோ செயற்கைத் துணியையோ ஒட்டாக வைத்துத் தைப்பது மற்றொன்று. மூன்றாவது, உள்நாடியை அது கிளைக்கும் இடத்திற் குறுக்கே வெட்டி, சட்டைக் கையைப் புரட்டுமாப்போல் வெளிச்சுவரைப் புரட்டிப் படிவைக் கழற்றி, மீண்டும் பொருத்துவது. புரட்டும் முறையின் முதல்வடிவை 1959இல் டீபேக்கி விவரித்தார். 1980களிற் கீனியும் ராய்தெலும் அதனை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தனர்.

இம்முறைகளுள் எது சிறந்தது? 1,353 நோயாளர்களைக் கொண்ட இத்தாலிய ஆய்வு (1998), புரட்டும் முறைக்கும் வழமையான முறைக்குமிடையே சிகிச்சையை அடுத்து நேரும் பாரிசவாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஒட்டின்றித் தைத்த நாடிகளே மீளக் குறுகுவதில் முன்னின்றன. முழுமயக்கமா, கழுத்தை மட்டும் மரக்கச்செய்தலா என 3,526 பேரை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வும் ஏறத்தாழச் சமநிலையையே கண்டது. ஆனால் கடுமையாக ஒடுங்கிய நாடியையுடைய, முன்னறிகுறி கண்ட நோயாளரிடையே, மருந்து மட்டும் பெற்றோரில் 26 வீதத்தினர்க்கு ஈராண்டுக்குள் அப்பக்கப் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சையும் பெற்றோரில் 9 வீதத்தினர்க்கே வந்தது. இது 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வின் முடிபு. 2004இல் ரொத்வெல் குழுவினர் காலக்கணக்கை வெளியிட்டனர். அறிகுறி தோன்றி இரு வாரங்களுக்குள் சிகிச்சையளித்தால், ஐவருக்குச் செய்கையில் ஒருவர் பாரிசவாதத்தினின்று காக்கப்படுவார். பன்னிரு வாரங்கள் கடந்தபின் அவ்வொருவரைக் காக்க 125 பேருக்குச் செய்தல் வேண்டும். தையல் முறைகளுக்கிடையே காணப்படாத பெருவேறுபாடு நாள்களுக்கிடையே காணப்பட்டது.

இக்கணக்கே நம்மை வலப்பனைக்கு அழைத்துவருகின்றது. இராகலை, உடப்புசல்லாவை முதலிய தோட்டப் பகுதிகளை உள்ளடக்கிய இப்பிரதேசத்தில், கொழுந்து பறிப்பவளின் விரல்கள் திடீரென மரத்துப் பத்து நிமிடத்திற் சீராகுமாயின், அது களைப்பு எனவே கொள்ளப்படும். தோட்ட மருத்துவத்தை ஒழுங்குசெய்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் 1916இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் தொற்றுநோய்களை நோக்கி எழுந்தவை. வந்து மறையும் வாதத்தைத் தேடும் கண் அங்குப் பழகவில்லை. நாடியைப் படம்பிடிக்கவும் சத்திரசிகிச்சை பெறவும் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லல் வேண்டும். அப்பயணத்தின் விலை பேருந்துக் கட்டணம் மட்டுமன்று. ஒரு பேர் போகும். சிலவேளை பல பேர் போகும். (தேயிலைக்காக நானுஓயாவிலிருந்து இராகலை வரை 1904இலேயே சிற்றிருப்புப்பாதை இடப்பட்டிருந்தது, 1948 அளவில் அது முற்றாக மறைந்தது.)

ஆசிய மக்களிடையே கழுத்து நாடியினும் மண்டையோட்டினுள் அமைந்த நாடிகள் ஒடுங்குதல் ஒப்பீட்டளவில் மிகுதி என்பதையும் மறைத்தலாகாது. அவ்வகையினர்க்கு மேற்கூறிய சத்திரசிகிச்சை பயன்படாது. மருந்தும் குருதியமுக்கக் கட்டுப்பாடுமே வழி. எவர் எவ்வகையினர் என்பதைப் படமே காட்டும். ஆதலின் இருசாராரும் விரைந்து சென்றாக வேண்டியவரே.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 நோயாளர் காவுவண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் விரிவடைந்தது. அதனை அழைப்பதற்குரிய மூன்று குறிகள், முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் என்பன, காலைப் பெரட்டிலேயே சொல்லப்படலாம் என முன்மொழிகின்றோம். அவை பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதையும், அன்றைய பேர் வெட்டப்படமாட்டாது என்பதையும் அங்கேயே கூறுதல் வேண்டும்.