உறவின்முறையும் ஒரு குழலும்

டயகமவின் மலைச்சரிவுகளில் இன்றும் தப்பின் ஒலி எழுகிறது. காமன் கூத்திலே அது கேட்கிறது, திருவிழாவிலே கேட்கிறது, சாவு வீட்டிலும் கேட்கிறது. ஆனால், “தப்பை இனி நாங்கள் தொடமாட்டோம்” என்று தலைகுனிந்து சொல்லும் மாணவர்களையும் நாம் வகுப்பறையிலே சந்திக்கிறோம். அவர்களை நெஞ்சில் நிறுத்தியே, கடல் கடந்து பிறந்த ஓர் இசைத்தட்டின் வரலாற்றை இங்கே ஆராயப் புகுகிறோம்.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘கின்ஸ்மென்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. உறவின்முறையார் என்பது அப்பெயரின் பொருள். ஜாஸ் சக்ஸபோன் கலைஞரான ருத்ரேஷ் மகாந்தப்பா புதிதாக இயற்றிய இசையே அதில் முதன்மை பெறுகிறது. அவருடன் மற்றொரு சக்ஸபோனை வாசித்தவர், கர்நாடக இசையுலகம் நன்கறிந்த கத்ரி கோபால்நாத். வயலினில் ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்தில் பூவாளூர் ஸ்ரீஜி, கித்தாரில் கராச்சியில் பிறந்த ரெஸ் அப்பாசி, பாஸ் வாத்தியத்தில் கார்லோ டி ரோசா, மேலைநாட்டு முரசுகளில் ராயல் ஹார்ட்டிகன். எழுவர் கொண்ட சிறு குழு அது.

இக்குழுவின் நடுநாயகமான சக்ஸபோன் யாருடைய கருவி? பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சக்ஸ் என்பவர் அதை உருவாக்கி, 1846இல் பாரிஸ் நகரில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். படைவீரரின் அணிநடைக்கு வாசிக்கும் பாண்டுக் குழுக்களே அதன் தொடக்க கால உறைவிடங்கள். பின்னர், இருபதாம் நூற்றாண்டிலே, அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதைத் தம் கைகளில் எடுத்துக்கொண்டார்கள். அம்மக்களின் முன்னோர் தோட்ட அடிமைகள். 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள்; அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. முரசைப் பறிகொடுத்த மக்களின் வழித்தோன்றல்கள், படையணியின் குழலிலே தம் துயரையும் களிப்பையும் ஊதினார்கள். ஆண்டவர்களின் ஏவலுக்குப் பிறந்த கருவி ஆளப்பட்டவர்களின் குரலாயிற்று. ஜாஸ் இசையின் வரலாற்றில் இதனினும் பெரிய செய்தி வேறென்ன?

தென்னிந்தியாவிலும் இதையொத்த மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1949இல் தென் கன்னடத்தில் பிறந்த கோபால்நாத்தின் தந்தையார் நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனைப் பாண்டிலே சக்ஸபோனைக் கேட்ட மகன் அதன்மேல் காதல் கொண்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். நாதஸ்வரத்திலே துளையை விரலால் பாதி மூடியும் மூச்சை மாற்றியும் கமகத்தை வரவழைக்கலாம். சக்ஸபோனிலோ விசைகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நிறுத்திவிடும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லும் நெளிவை உதட்டாலும் மூச்சாலுமே ஈட்ட வேண்டும். அந்த அருஞ்செயலில் அவர் வென்றார். 1994இல் ‘டூயட்’ திரைப்படம் அவருடைய குழலோசையைத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 2019இல் அவர் மறைந்தார்.

மகாந்தப்பாவின் கதை வேறு. கர்நாடகத்திலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்கு 1971இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர். அவருடைய ஆதர்சம் சார்லி பார்க்கர் என்னும் கறுப்பினக் கலைஞர். ஆனால் அவருடைய தோலின் நிறத்தைக் கண்டவர்களோ, இந்திய இசை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கும் என்று எண்ணினார்கள். உண்மையில் அவர் அதை அறிந்திருக்கவில்லை. கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றை அண்ணன் வேடிக்கையாகக் கையில் கொடுத்தபோதுதான் அவருக்கு ஒரு புதிய வாயில் திறந்தது. பின்னர் அவர் அம்மூத்த கலைஞரை நாடிச் சென்றார். அவருடைய இசையைக் கற்றார். கற்றதையும் தாம் வளர்ந்த ஜாஸையும் இணைத்துப் புதிய இசை படைத்தார்.

இவ்விசைத்தட்டிலே சில கலைஞர்கள் தனித்தனியே ஆலாபனை செய்கிறார்கள். பிறகு கூட்டிசை எழுகிறது. மிருதங்கமும் மேலைநாட்டு முரசும் ஒன்றையொன்று அடக்க முயலவில்லை. இரு சக்ஸபோன்களும் ஒரே கருவி, ஆயினும் பேச்சு வேறு: ஒன்றில் இராகத்தின் நெளிவு, மற்றொன்றில் ஜாஸின் பாய்ச்சல். இவர்களை உறவின்முறையார் ஆக்கியது இரத்தமா? அல்ல, ஒருவர் மொழியை மற்றவர் கற்கப் பட்ட பாடே ஆகும்.

மலையகத்தார்க்கு இவ்வுண்மை மிக நெருக்கமானது. கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்டு, பின் தேயிலையில் உழைத்த மக்கள் நாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் உறவுகளை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. பிறப்பைக் காட்டி உரிமையை மறுப்பதன் கொடுமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் நமது லயங்களுக்குள்ளேயே நாம் செய்வதென்ன? அமெரிக்கத் தோட்டத்திலே முரசைப் பறித்தார்கள். இங்கோ, விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு விரட்டத் தப்பையே முழக்கினார்கள். அதை அடிக்கும் கடமையைக் குறிப்பிட்ட சாதியின் தலையிலே சுமத்தி, அடித்தவனை நாமே இழிவாகவும் பார்த்தோம். ஆகவே, “தொடமாட்டோம்” என்று சொல்லும் மாணவனை நாம் கடிய மாட்டோம். பிறப்பின் பேரால் திணிக்கப்பட்ட தொழிலை மறுப்பது அவனுடைய உரிமை. அம்மறுப்பிலே தன்மானம் இருக்கிறது.

எனினும் குற்றம் தப்பினுடையதன்று. பிறப்பைக் காட்டி ஒருவனைக் கலையிலே கட்டிப்போடுவதும், அதே பிறப்பைக் காட்டி மற்றொருவனை விலக்கி வைப்பதும் ஒரே அநீதியின் இரு கைகள். இரண்டையும் வெட்டியாக வேண்டும். தப்பைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவோம். விரும்பும் எந்தப் பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும், கற்கட்டும். விரும்பாத பிள்ளையை எவரும் வற்புறுத்தாதிருக்கட்டும். சக்ஸபோனை விரும்புகிறவன் அதையும் பயிலட்டும்.

நாதஸ்வரக் கலைஞரின் மகன் படையணிக் குழலைத் தனதாக்கிக்கொண்டார். அமெரிக்காவில் வளர்ந்தவர் கர்நாடக இசையைத் தேடிச் சென்று கற்றார். அவர்களுக்கு இயன்றது டயகமவின் பிள்ளைகளுக்கு மட்டும் இயலாதென்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?