பூஞ்சை மூளைக்காய்ச்சலும் அதனை எதிர்த்த வரலாறும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் கோயில் வரலாறும் கல்வெட்டு வரலாறும் எழுதும் அன்பர் பலர் உளர். இவ்வாண்டு யான் எழுதப் புகுந்தது ஒரு நோயின் வரலாறு. யான் மருத்துவன் அல்லேன். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவன். ஆயினும், நம் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் பந்தி பரிமாறிய நண்பர் ஒருவரை இந்நோய் கொண்டு சென்றது. அதன்பின், அறிந்தோரை வினவியும் நூல்களைப் பயின்றும் யான் தெரிந்து கொண்டவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றேன்.

திருவள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் ஆகிய நால்வகையும் சேர்ந்தது என்று வகுத்துள்ளார். இந்நோயின் வரலாற்றை ஆராயுந்தோறும் அப்பகுப்பின் உண்மை எனக்குத் தெளிவாயிற்று.

நோயின் இயல்பு

கிரிப்டோகாக்கஸ் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூஞ்சை. 1894-ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கிரைஃப்ஸ்வால்டு நகரில் புஸ்ஸே, புஷ்கே என்னும் மருத்துவர் இருவர், ஒரு பெண்ணின் கால் எலும்பில் தோன்றிய புண்ணில் இதனைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலிய அறிஞர் சான்ஃபெலிசே இதனைப் பழச்சாற்றிலும் கண்டார். 1955-இல் அமெரிக்க அறிஞர் எம்மன்ஸ், புறாவின் எச்சத்தில் இது செழித்து வளர்வதை வெளிப்படுத்தினார். புறா அடையாத புகைவண்டி நிலையம் நம் நாட்டில் ஏது? ஆகவே இதன் நுண்துகளை நம்மிற் பலர் மூச்சோடு உள்வாங்கியே வாழ்கின்றோம். நலமான உடலில் காவலர் போன்ற வெள்ளணுக்கள் இதனை அடக்கி வைக்கின்றன. இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றும் நோயன்று என்பதையும் இங்கே குறித்துக் கொள்ளல் வேண்டும்.

எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரி அக்காவலரை அழிக்கின்றது. காவலருள் தலையாய சி.டி.4 அணுக்கள், நலமுடையார் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்கு மேல் இருப்பவை. அவை 100-க்குக் கீழ் வீழ்ந்தவிடத்து, பூஞ்சை நுரையீரலினின்று குருதி வழியே மூளையுறையை எய்துகின்றது. முதலில் வருவது தலைவலி. அது நாள்கணக்காக, வாரக்கணக்காக நீளும். காய்ச்சல் சிறிதளவே இருக்கும். பின்னர் வாந்தி, பார்வை மங்கல், பொருள்கள் இரண்டிரண்டாய்த் தோன்றல், இறுதியில் நினைவிழப்பு.

முதுகெலும்பினிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891-இல் செருமானிய மருத்துவர் குவிங்கே வெளியிட்டார். அந்நீரில் ஒரு துளியுடன் ‘இந்திய மை’ எனப்படும் கரிய மையைக் கலந்து நுண்ணோக்கியில் நோக்கின், கரும்புலத்தின் நடுவே வெண்ணிற வளையம் சூழ்ந்த பூஞ்சை காணப்படும். அதனைப் போர்த்துள்ள கொழகொழப்பான உறைக்குள் மைத்துகள் புகாமையே அவ்வளையத்திற்குக் காரணம். எளிய அம்மை எத்தனையோ மருத்துவர்க்கு நோயைக் காட்டிக் கொடுத்தது. ஆனால், கண்ட நோயைத் தீர்க்கும் மருந்துதான் நெடுங்காலம் இல்லாதிருந்தது.

மருந்துகளின் வரவு

1950-களின் நடுவில், வெனிசுலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப் பகுதியின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆம்ஃபோடெரிசின் பி என்னும் மருந்து பிரித்தெடுக்கப் பெற்றது. அதற்குமுன் இந்நோயுற்றோர் பிழைத்தல் அரிது. எனினும் இம்மருந்து கடுமையானது, நடுக்கமும் காய்ச்சலும் தரும், சிறுநீரகத்தைத் தாக்கும், குருதியிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். 1957-இல் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்டு, அதற்குப் பயன்படாது போன ஃபுளூசைட்டோசின் என்னும் மருந்து, பின்னர்ப் பூஞ்சையை ஒடுக்குவது கண்டு இதற்குத் துணையாக்கப் பெற்றது.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டதும், அரிதாய் இருந்த இம்மூளைக்காய்ச்சல் உலகெங்கும் பெருகிற்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையார் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராயப்பட்டன. இந்திய நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதல் வெளிப்பட்டது இவ்வாறே. அந்நாளில் இதனைப் பேசவே நாணிய சமுதாயத்தில், இரு பெண்மணிகள் உண்மையைத் தேடிச் சென்றனர் என்பது தமிழர் மறக்கலாகாத செய்தி.

1990-இல் ஃபுளுகோனசோல் என்னும் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. வாய்வழி உட்கொள்ளத்தக்கது, தீங்கு குறைந்தது. ஆனால் காப்புரிமை காரணமாக அதன் விலை ஏழை நாடுகட்கு எட்டாததாயிற்று. 2000-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் சாக்கி அக்மத் என்பார், தாய்லாந்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்ற அதே மருந்தை வாங்கி, காப்புரிமையை வெளிப்படையாக மீறித் தம் நாட்டிற்குக் கொணர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில், காப்புரிமை பெற்ற நிறுவனம் அந்நாட்டு அரசு மருத்துவமனைகட்கு அதனை விலையின்றி வழங்க உடன்படிக்கை செய்தது.

மருத்துவர் கற்ற பாடம்

மருந்துகள் கிடைத்தபின்னும் இறப்பு குறையவில்லை. எதனை எதனோடு சேர்ப்பது, எப்பொழுது தருவது என்பன தெளிவாகாமையே அதற்கு ஒரு காரணம். வியட்நாமில் 299 நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஆம்ஃபோடெரிசின் மட்டும் பெற்றோருள் 70 நாளில் 44 பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினராய் ஃபுளூசைட்டோசினும் சேர்த்துப் பெற்றோருள் 30 பேரே மாண்டனர்.

அடுத்தது வியப்பான செய்தி. எச்.ஐ.வி.க்குரிய மருந்தை உடனே தொடங்குதல் நன்று என்றே எவரும் எண்ணுவர். 2014-இல் வெளியான உகாண்டா, தென்னாப்பிரிக்க ஆய்வு இதற்கு மாறாகக் காட்டியது. ஓரிரு வாரத்திற்குள் அம்மருந்தைத் தொடங்கியோருள் 26 வாரத்தில் 100-க்கு 45 பேர் இறந்தனர். ஏறத்தாழ ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியோருள் 30 பேர் இறந்தனர். உறங்கிய காவலர் திடுமென விழித்துப் போர் புரியின், போர்க்களமாகிய மூளையே புண்படும். ஆதலின் முதலில் பூஞ்சையை அடக்கி, நான்கு முதல் ஆறு வாரங்கழித்தே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குதல் இன்றைய நெறி. அழற்சியைத் தணிக்குமென எண்ணித் தந்த டெக்சாமெத்தசோன் தீங்கே விளைத்ததென்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளையில் நீரின் அழுத்தம் மிகும்போது, தண்டுவட நீரை மீண்டும் மீண்டும் வடித்து அதனைக் குறைத்தலே உயிர் காப்பது.

2022-இல் வெளியான ஆய்வு ஒரு திருப்பம் ஆயிற்று. ஆப்பிரிக்க நாடுகள் ஐந்தில் 800-க்கு மேற்பட்டோர் அதிற் பங்கு கொண்டனர். கொழுப்புத் துளிகளுட் பொதிந்த ஆம்ஃபோடெரிசினை, நாள்தோறும் ஏற்றாமல், உயர்ந்த அளவில் ஒரே ஒருமுறை ஏற்றினர். ஃபுளூசைட்டோசின், ஃபுளுகோனசோல் இரண்டையும் 14 நாள் வாய்வழி தந்தனர். பத்து வாரத்தில் 100-க்கு ஏறத்தாழ 25 பேர் இறந்தனர். பழைய முறையில் ஏறத்தாழ 29 பேர். பயன் குறையவில்லை, உடற்கேடும் குறைந்தது. அவ்வாண்டே உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. பின்னரும் ஃபுளுகோனசோலை மாதக்கணக்கில், காவலணுக்கள் தேறும்வரை, விடாது உட்கொள்ளல் வேண்டும்.

எஞ்சிய இருவர்

இத்துணை முயற்சிக்குப் பின்னும் நால்வரில் ஒருவர் ஏன் இறக்கின்றார்? பலர் காலங்கடந்து வருதலே பெருங்காரணம். விரல் நுனிக் குருதி ஒரு துளி கொண்டு, பத்தே நிமிடத்தில் பூஞ்சையின் கூற்றைக் காட்டும் பட்டைச் சோதனை 2011 முதல் உளது. சி.டி.4 அணு குறைந்தோர்க்கு இதனைச் செய்து, தலைவலி தோன்றுமுன்பே மருந்து தரின் நோயையே தடுக்கலாம். 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாக வழங்கப் பெற்று, பின்னர் நாடெங்கும் பரவிற்று. 2017-இல் இயற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்நோய் காரணமாக எவரையும் பணியினின்று நீக்குதலையும் ஒதுக்குதலையும் தடுக்கின்றது. இருந்தும் 2020-இல் உலகில் ஏறத்தாழ 1,12,000 பேர் இம்மூளைக்காய்ச்சலால் இறந்தனர் என அறிஞர் மதிப்பிட்டுள்ளனர்.

என் நண்பர் தமக்கு எச்.ஐ.வி. உள்ளதை நான்காண்டு முன்னரே அறிந்திருந்தார். இலவச மருந்து கிடைக்கும் மையம் எங்கள் அலுவலகத்திற்கு இரண்டு கல் தொலைவிலேயே இருந்தது. அவ்வரிசையில் நிற்பதைத் தமிழர் எவரேனும் கண்டால் சங்கத்தில் தலைகாட்ட இயலாதே என அஞ்சி, அங்கே செல்வதை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் தலைவலி என்றபொழுது, என் மேசை அறையிலிருந்த மாத்திரையை யானே எடுத்துக் கொடுத்தேன். மருத்துவமனையிற் சேர்த்தபொழுது அவர்க்கு நினைவில்லை. செய்தி பரவியபின் காணச் சென்றோர் நம்மில் ஓரிருவரே. ஞாயிற்றுக்கிழமை செல்லலாமென்று யான் காத்திருந்தேன். அவர் வெள்ளியன்று மறைந்தார்.

மருந்து வந்துவிட்டது, மருத்துவரும் கற்றுத் தெளிந்தனர். நோயாளி காலத்தே வரல் வேண்டும். அவர் அஞ்சாது வருதற்கு, அருகிருந்து பேணுவோர் வேண்டும். அந்நான்காம் இடம் நம்முடையது. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குச் சங்கமே சுற்றம். நம்முள் எவரேனும் நோயுற்றால், என்ன நோய் என்று வினவுமுன் எந்த மருத்துவமனை என்று வினவும் வழக்கம் நம் சங்கத்தில் வளர்க என வேண்டி அமைகின்றேன்.