நெருப்புக்குப் பக்கத்தில் என்ன விரிப்பது?

தோட்டத்தில் ஒரு குழி வெட்டி, அதில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது மேலைநாடுகளில் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. குழி வெட்டுவது சுலபம். சுற்றியுள்ள தரையில் என்ன போடுவது என்பதில்தான் குழப்பம். புல் என்றால் உட்கார மெத்தென்று இருக்கும், ஆனால் காய்ந்தால் பற்றிக்கொள்ளும். சரளைக்கல் பற்றாது, ஆனால் குத்தும். இந்தக் குழப்பத்துக்கு வயது இரண்டு லட்சம் ஆண்டுகள் என்றால் நம்புவீர்களா?

தென்னாப்பிரிக்காவில், எஸ்வாத்தினி நாட்டின் எல்லையை ஒட்டிய லெபோம்போ மலையில் 'பார்டர் குகை' இருக்கிறது. லின் வாட்லி என்ற தொல்லியல் அறிஞரும் அவர் குழுவினரும் அங்கே கண்டுபிடித்ததை 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் தரையில் புல்லைப் பரப்பியிருக்கிறார்கள். வெறும் தரையில் அல்ல, சாம்பலின் மேல்!

ஏன் சாம்பல்? முதல் காரணம் பூச்சி. நுண்ணிய சாம்பல் ஊர்ந்து வரும் பூச்சிகளின் உடம்பில் ஒட்டி, ஈரத்தை உறிஞ்சி, அவற்றை நகரவிடாமல் செய்துவிடும். நம் ஊர்ப் பாட்டிமார் விதைப் பயறில் சாம்பல் கலந்து வைப்பதும் இதற்காகத்தானே. இன்னொரு வசதி, ஒருமுறை எரிந்து முடிந்த சாம்பல் மறுபடி எரியாது. இதன் அடக்கவிலையையும் கவனிக்க வேண்டும்: பூஜ்யம். அடுப்பிலும் பழைய விரிப்பை எரித்ததிலும் மிஞ்சிய கழிவுதான் புது விரிப்புக்கு அடித்தளம். வணிகவியல் பாடப் புத்தகம் எதிலும் இதைவிடச் சிக்கனமான கணக்கு இருக்குமா என்பது சந்தேகமே.

அந்தப் புல்லுக்குள் கல் ஆயுதம் செதுக்கியபோது தெறித்த சில்லுகளும் காவிக்கல் துகள்களும் கிடைத்தன. ஆக அது வெறும் படுக்கை இல்லை. நெருப்பருகே உட்கார்ந்து வேலை பார்த்த இடமும் அதுவே.

டர்பனுக்கு வடக்கேயுள்ள சிபுடுவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 77,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கோரைகளைப் பரப்பி, அதன் மேல் பூச்சியை விரட்டும் ஒருவகை மரத்தின் இலைகளைப் போட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் பழைய விரிப்பை அவ்வப்போது அங்கேயே கொளுத்திவிட்டு, அதன் மேலேயே புதிதாக விரித்தார்கள். பெருக்கி அள்ளும் வேலை மிச்சம்!

மூன்றாவது இடம் இஸ்ரேலில் உள்ள கலிலேயா கடல். பெயர்தான் கடல், உண்மையில் நன்னீர் ஏரி. 1989-இல் நீர்மட்டம் வெகுவாக இறங்கியபோது ஓஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுப் பழைய குடியிருப்பு வெளியே தெரிந்தது. ஆறு குடிசைகள், திறந்தவெளி அடுப்புகள். ஒரு குடிசையின் நடுவில் அடுப்பு, அதைச் சுற்றிலும் கொத்துக் கொத்தாகப் புல். கட்டவும் இல்லை, பின்னவும் இல்லை, ஒரே ஒழுங்கில் அடுக்கியிருந்தார்கள்.

புல் மக்கிப்போகும் பொருள். இத்தனை காலம் அது எப்படி மிஞ்சியது? அந்தக் குடிசைகள் தீப்பிடித்து எரிந்தன, பிறகு ஏரி நீர் அவற்றை மூடிக்கொண்டது. கருகிய தாள்களைத்தான் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.