ஃப்ளீட்வுட் மேக்

1967இல் லண்டனில் உருவான ராக் இசைக்குழு. தொடங்கியவர் கிதார் கலைஞர் பீட்டர் கிரீன். பெயரோ டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிதார் வாசித்த ஜான் மெக்வீ ஆகியோருடையது. யார் வந்து போனாலும் அந்த இருவரும் விலகவில்லை.

ப்ளூஸ் இசையில் கொடிகட்டிப் பறந்த கிரீன் 1970இல் வெளியேறியது பேரிழப்பு. அதே ஆண்டு ஜானின் மனைவி கிறிஸ்டீன் இணைந்தார்.

1974 இறுதியில் காதலர்களான லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் வந்தபின் குழுவின் இசையே மாறியது. 'ரூமர்ஸ்' (1977) ஆல்பம் உருவானபோது மெக்வீ தம்பதியின் மணவாழ்வும் புதியவர்களின் காதலும் முறிந்துகொண்டிருந்தன. பிரிந்தவர்கள் ஒரே ஸ்டுடியோவில் ஒருவரையொருவர் பற்றிய பாடல்களைச் சேர்ந்தே இசைத்தார்கள். அந்த ஆல்பத்தின் அசல் வலிமை அதுதான். 4 கோடிப் பிரதிகள் விற்று, கிராமி விருதும் வென்றது.

பக்கிங்ஹாம் 1987இல் விலகி, 1997இல் திரும்பி, 2018இல் நீக்கப்பட்டார். கிறிஸ்டீன் 2022இல் காலமானார்.