ஓசில் யார் வீட்டுப் பிள்ளை?

நம்ம கல்லூரி மைதானத்தில் பந்து உதைத்த பழைய மாணவர்களுக்கும், இன்று உதைக்கிற தம்பிகளுக்கும் மெசுட் ஓசிலைப் பற்றி நாலு வார்த்தை.

தாத்தா துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குப் பிழைக்கப் போனவர். பேரன் 1988-ல் கெல்சன்கிர்ஷன் என்ற நிலக்கரி நகரில் பிறந்தார். இரண்டு நாடுகளில் ஜெர்மனிக்கு ஆடுவதென்று முடிவெடுத்தார். 2010 அக்டோபரில் பெர்லினில் துருக்கியோடு மேட்ச். காலில் பந்து பட்டாலே துருக்கி ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஓசில் கோல் போட்டார், துள்ளிக் குதிக்கவில்லை. அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2014-ல் உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோகனோடு எடுத்துக்கொண்ட போட்டோ வெளியானது. அடுத்த மாதமே ஜெர்மனி உலகக் கோப்பையின் முதல் சுற்றில் வெளியேற, பழி அவர் தலையில் விழுந்தது. ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறியா என்று குமுறி, 92 ஆட்டங்களோடு தேசிய அணியை விட்டு விலகினார்.

போட்டோ சரியா தப்பா என்று நாம் வாதாடலாம். தோல்வி மட்டும் பதினோரு பேருக்கும் சொந்தம். தம்பிகளே, தோற்ற அன்றைக்கும் அவனை நம்மாள் என்று சொல்லுங்க. அதுதான் டீம்.