மூன்று திசைப் படை

1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் தோணியேறித் தப்பினார். கண்டியில் மேஜர் டேவியின் படை அழிந்து அப்போது இரண்டு மாதம். தேசாதிபதி நோர்த்துக்கு அடிமேல் அடி.

இந்த வாரம் கற்சிலைமடுச் சண்டை என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் வெள்ளையர் அறிக்கைகளில் வரும் 'டிடாச்மென்ட்' என்ற சொல்லை விளக்கியாக வேண்டும். நாம் அதை வெறுமனே 'படை' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். கம்பனி என்றால் ஏறத்தாழ நூறு பேர். பற்றாலியன் என்றால் பல நூறு பேர். ரெஜிமென்டுக்குப் பெயரும் கொடியும் பரம்பரையும் உண்டு. டிடாச்மென்டுக்கு இவை ஒன்றும் இல்லை. ஒரு வேலைக்கென்று தாய்ப்படையிலிருந்து பிரித்தெடுத்து ஓர் அதிகாரியின் கீழ் அனுப்பும் ஆட்கள் அவர்கள். ஐம்பது பேரும் டிடாச்மென்ட்தான், ஐந்நூறு பேரும் டிடாச்மென்ட்தான். வேலை முடிந்ததும் கலைந்துவிடும்.

வன்னிக் காட்டுக்கு ஏற்ற படை இதுதான். ஒற்றையடிப் பாதையிலும் குளக்கட்டிலும் பெரும்படை நீண்டு கிழிந்துபோகும். சிறுபடை ஓசையின்றி நகரும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று திசையிலிருந்தும் அப்படி மூன்று பிரிவுகள் புறப்பட்டன. திருகோணமலைப் பிரிவுக்குத் தலைவன், முல்லைத்தீவில் தோற்ற அதே டிறிபேர்க். அவமானப்பட்டவனையே திரும்ப அனுப்பியது நோர்த்தின் ஆட்கள் செய்த கெட்டிக்கார வேலை.

இங்கே காக்கை வன்னியனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் காட்டிக்கொடுத்ததால்தான் பண்டாரவன்னியன் வீழ்ந்தான் என்று நாடக மேடைகள் நமக்குக் கற்றுத்தந்தன. அதே பெயர்க்காரன்தான் யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுக்கிறான். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு! தோல்வி வரும் இடமெல்லாம் ஒரே துரோகியைக் கூட்டிவந்து நிறுத்துவது வரலாறாகாது. படை மூன்று திசையிலிருந்தும் வந்ததே தோல்விக்குப் போதும்; ஒருவன் மூன்று பக்கமும் காவல் நிற்க முடியாது. பண்டாரவன்னியனின் வீரத்துக்கு அதில் குறைவும் இல்லை.

ஒக்டோபர் 31 விடியலில் டிறிபேர்க்கின் ஆட்கள் கற்சிலைமடுவை வளைத்தார்கள். அங்கே நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு பண்டாரவன்னியன் 'தோற்கடிக்கப்பட்டதாக' மட்டுமே சொல்கிறது, கொல்லப்பட்டதாகச் சொல்லவில்லை. சண்டையை அடுத்த இதழில் முழுதாகச் சொல்கிறேன். அதுவரை ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்கள் கற்சிலைமடுவில் இறங்கி அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.