கப்பலில் அப்பாவின் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது? காஞ்சிபுரத்திலிருந்து கடல் வரை... புக்கிங்குக்கு முன் ஒரு கைடு!

குழித்தறியில் உட்கார்ந்து முப்பது, நாற்பது வருஷம் மிதி மிதித்த கால்களுக்கு வயதான பிறகு என்ன ஆகும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முட்டி வலி, இடுப்பு வலி, சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நடந்தால் மூச்சு வாங்குவது... பிள்ளையார்பாளையத்துத் திண்ணைகளில் இந்தப் பேச்சு சாதாரணம். தறியை விட்டு இறங்கிய அந்த அப்பா, அம்மாவின் பிள்ளைகள் இப்போ ஒரகடத்திலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கிறாங்க. கையில் நாலு காசு சேர்ந்ததும் தோன்றுகிற ஆசைகளில் ஒண்ணு: `ஒருமுறை இவங்களைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்.'

இது இப்போ பெரிய கனவும் இல்லை. 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் `எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்தது. 2023 ஜூன் 5-ம் தேதி அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைக்கும் போனது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 75 கிலோமீட்டர்தான். (சீஸனுக்கு ஏற்ப கப்பல்கள் ஊர் மாறும். அந்த வருஷ அட்டவணையைப் பார்த்துட்டு பிளான் பண்ணுங்க.)

சரி, டிக்கெட் போட்டாச்சு. அப்பா தினமும் தெருவில் ஓட்டுற அந்த மொபிலிட்டி ஸ்கூட்டர்? அதைக் கப்பல்ல எங்கே விடுவீங்க?

மால்ல இருக்கிற மாதிரி ஒரு பார்க்கிங் இருக்கும்னு நினைச்சா, அப்படி எதுவும் கிடையாது. உலகம் முழுக்க பெரும்பாலான சொகுசுக் கப்பல்களின் விதி ஒண்ணுதான்: ஸ்கூட்டர் உங்க அறைக்குள்ளேயே நிற்கணும், அங்கேயே சார்ஜ் ஏறணும். அதனால, அறையை புக் பண்ணிட்டு ஸ்கூட்டரை அளக்காதீங்க. ஸ்கூட்டரை அளந்துட்டு அறையை புக் பண்ணுங்க. இந்த வரிசை மாறினா மொத்த டூரும் சிக்கல்தான்.

முதல்ல, எந்த ஸ்கூட்டர்?

நம்ம ஊரில் `மூணு சக்கர ஸ்கூட்டர்'னு சொன்னா, பின்னாடி இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கும் கப்பல் அறைக்கும் சம்பந்தமே இல்லை. அரசு உதவித் திட்டங்களில் கிடைக்கிற பேட்டரி மூணு சக்கர வண்டியும் ரோட்டுக்காகச் செய்தது. அறைக் கதவில் அது நுழையாது.

நாம பேசுறது சின்ன சைஸ் பேட்டரி மொபிலிட்டி ஸ்கூட்டர், எலெக்ட்ரிக் வீல்சேர் பற்றி. இதில் நாலைந்து பாகமாகப் பிரிக்கிற மாடலும் இருக்கு, சூட்கேஸ் மாதிரி மடிக்கிற மாடலும் இருக்கு. கப்பலுக்கு இந்த ரெண்டும்தான் வசதி.

வராந்தாவில் ஏன் நிறுத்தக் கூடாது?

`அறைக்கு வெளியே ஓரமா நிறுத்திக்கிறோமே' என்றுதான் எல்லாருக்கும் தோணும். ஆனா, கப்பலின் அந்தக் குறுகலான வராந்தாதான் ஆபத்து நேரத்தில் எல்லாரும் தப்பிக்கிற வழி. 1912-ல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து, 1914-ல் `சோலாஸ்' எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அது அமலில் இருக்கு. தப்பிக்கும் வழியில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. தீப்பிடித்து, புகை சூழ்ந்து, விளக்கும் அணைந்துவிட்ட வராந்தாவில் நூறு பேர் ஓடி வரும்போது நடுவில் ஒரு ஸ்கூட்டர் நின்றால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஊழியர்கள் கறாராக இருப்பது இதனால்தான்.

இன்ச் டேப்பை எடுங்க!

பல பெரிய கப்பல்களில் சாதாரண அறைக் கதவின் அகலம் சுமார் 22 முதல் 23 இன்ச்தான். அதாவது 56 - 58 சென்டிமீட்டர். நம்ம வீட்டு பாத்ரூம் கதவே இதைவிட அகலமா இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளில் கதவு சுமார் 32 இன்ச் (81 செ.மீ.) இருக்கும். உள்ளே வண்டியைத் திருப்ப இடமும் இருக்கும், பாத்ரூம் வாசலில் தடுக்குகிற மேடும் இருக்காது.

ஒரு கப்பலில் இப்படிப்பட்ட அறைகள் ரொம்பக் குறைவு. `எம்ப்ரஸ்' 1990-ல் கட்டப்பட்ட கப்பல், சுமார் 800 அறைகள் கொண்டது. அந்தக் காலத்துக் கப்பல்களில் சாதாரண அறைகள் சின்னதாகவே இருக்கும். அதனால மாற்றுத்திறனாளிகளுக்கான அறை வேணும்னா மாசக்கணக்கில் முன்கூட்டியே கேட்கணும்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட் பண்ணிடலாம். ஸ்கூட்டரின் அதிகபட்ச அகலம், நீளம், மடித்த பிறகான உயரம், மொத்த எடை, பிரித்தால் எடை கூடின பாகம் எது... இந்த ஐந்தையும் எழுதிக்கோங்க. பிறகு வாசலில் கோலமாவால் 58 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு கோடு போடுங்க. அதுக்குள்ள ஸ்கூட்டர் இடிக்காமப் போகுதா? போனா பாதி பாஸ். மீதிப் பாதி, திரும்புறது. கப்பல் வராந்தாவிலிருந்து அறைக்குள் போக, குறுகலான இடத்தில் அப்படியே பக்கவாட்டில் திரும்பணும். வண்டி நீளமா இருந்தா, அகலம் சரியா இருந்தாலும் மாட்டிக்கும். அப்போ அப்பா வாசலிலேயே இறங்கி, யாராவது வண்டியை மடித்து உள்ளே தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த `யாராவது' யாருன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க.

பேட்டரி, சார்ஜர்... கவனம்!

தண்ணீர் ஊற்றுகிற பழைய ரக ஆசிட் பேட்டரியைக் கப்பல்களில் பொதுவா அனுமதிக்க மாட்டாங்க. சீல் செய்த ஜெல் பேட்டரி அல்லது லித்தியம் பேட்டரிதான் சரி. எந்த வகைன்னு பேட்டரி மேலேயே எழுதியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்தது பிளக். கப்பல் அறைகளில் 110 வோல்ட் அமெரிக்க பிளக்கும், 220 வோல்ட் ஐரோப்பிய பிளக்கும் இருப்பது வழக்கம். நம்ம மூணு பின் பிளக் அதில் நேரடியா நுழையாது, அடாப்டர் வேணும். சார்ஜரில் `100-240V'னு போட்டிருந்தா எதிலும் செருகலாம். `220-240V'னு மட்டும் இருந்தா 220 வோல்ட் பிளக்கில்தான் செருகணும். சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பல கப்பல்களில் செக்யூரிட்டியிலேயே வாங்கி வெச்சுடுவாங்க. ஒயர் நீளம் பத்தலைன்னா அறை ஊழியரிடம் கேளுங்க.

சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறப் போறீங்களா?

அப்போ விமான விதியும் சேர்ந்துக்கும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரின்னா, ஒரே பேட்டரி இருந்தா 300 வாட்-ஹவர் வரை, ரெண்டு இருந்தா ஒவ்வொன்றும் 160 வாட்-ஹவர் வரை என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. கழற்றிய பேட்டரியைக் கையோடு கேபினுக்குள் எடுத்துட்டுப் போகணும். லக்கேஜில் போடக் கூடாது.

கணக்கு ஈஸி. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர். 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர்னா 288. பாஸ். 24 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர்னா 480. கழற்றிக் கையில் எடுத்துப் போக முடியாது. பேட்டரியைக் கழற்றவே முடியாத மாடல்களுக்கு விதி வேறு. எதுவா இருந்தாலும் ஏர்லைனிடம் முன்அனுமதி வாங்காம ஏர்போர்ட்டில் போய் நிற்காதீங்க.

அறைக்குள்ள எப்படி நிறுத்துவது?

கடல் எப்பவும் சமமா இருக்காது, கப்பல் ஆடும். மொபிலிட்டி ஸ்கூட்டரில் பின்சக்கரம் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். தள்ளிட்டுப் போறதுக்காக அதை ஃப்ரீ வீலில் போட்டா பிரேக் வேலை செய்யாது. ராத்திரி அப்படியே விட்டா வண்டி அறைக்குள் உருளும். அதனால நிறுத்தினதும் லீவரை டிரைவில் போட்டு, சாவியை எடுத்துடுங்க. சீட்டையும் ஹேண்டிலையும் மடிச்சுடுங்க.

வண்டியைக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தாதீங்க. நீங்க வெளியேறுகிற வழியும் தப்பிக்கிற வழிதான். அதே மாதிரி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் பாதை காலியா இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தடுக்கி விழுறதுதான் வயசானவங்களுக்கு நிஜமான ஆபத்து. டெக்கில் சுத்திட்டு வந்தா, உப்புக்காத்து பட்ட வண்டியைப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை துடைச்சுடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு துரு பிடிக்காது.

கரையில் இறங்கும்போது...

கப்பல் துறைமுக மேடையில் அணைந்து நின்றால் ஸ்கூட்டரோடு இறங்கலாம். ஆனா, லட்சத்தீவு மாதிரி இடங்களில் பெரிய கப்பல் தள்ளிக் கடலில் நின்றுவிடும். சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போகணும். ஆடுகிற படகில் ஸ்கூட்டரை ஏற்ற பெரும்பாலும் அனுமதி இருக்காது. வரதராஜர் கோயிலில் மூலவரைப் பார்க்க 24 படி ஏறித்தான் ஆகணும் இல்லையா, அது மாதிரி சக்கரம் உதவாத இடங்கள் கடலிலும் உண்டு. புக் பண்ணும்போதே, `எந்தெந்த ஊரில் கப்பல் கரையில் அணையும், எங்கே படகு மாறணும்?' என்று கேட்டுடுங்க. இதைத் தெரிஞ்சுக்காமப் போனா, எல்லாரும் இறங்கிப் போன பிறகு அப்பா மட்டும் அறையில் டி.வி பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார்.

அபாயச் சங்கு ஒலித்தால்?

2012-ல் இத்தாலி அருகே `கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்ததில் 32 பேர் இறந்தாங்க. அதற்குப் பிறகு விதி இறுகியது. கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ பாதுகாப்பு ஒத்திகை கட்டாயம். `கால் வலிக்குது, அறையிலேயே இருக்கட்டும்'னு அப்பாவை அதிலிருந்து விட்டுடாதீங்க.

அவசர நேரத்தில் லிஃப்ட்டை நம்ப முடியாது. உயிர்காப்புப் படகிலும் ஸ்கூட்டருக்கு இடமில்லை. நடக்க முடியாதவங்களைக் கூட்டிட்டுப் போக ஊழியர்கள் அறைக்கே வருவாங்க. ஆனா, எந்த அறைக்கு வரணும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஏறின உடனே வரவேற்பு மேஜையில் அறை எண்ணோடு பதிவு பண்ணுங்க.

ஸ்கூட்டர் வேணுமா, வீல்சேர் போதுமா?

வீட்டுக்குள் நடக்கிறார், நீண்ட தூரம்தான் முடியலைன்னா, மடிக்கிற சாதாரண வீல்சேரே போதும். பேட்டரி, பிளக், அனுமதி எதுவும் வேண்டாம். மடிச்சா கட்டில் ஓரத்தில் நின்னுடும். கப்பலிலேயே வீல்சேர் இருக்கும்தான். ஆனா, அது பொதுவா ஏறவும் இறங்கவும் மட்டும். டூர் முழுக்கத் தர மாட்டாங்க.

ரெண்டும் கலந்த ஒரு வழியும் இருக்கு. சென்னை ஐ.ஐ.டி 2021-ல் அறிமுகப்படுத்திய `நியோபோல்ட்' என்பது வீல்சேரின் முன்னால் மாட்டிக்கிற பேட்டரி வண்டி. ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை ஓடும். தேவையில்லாதப்போ கழற்றி வெச்சுட்டு வீல்சேரை மட்டும் உருட்டிக்கலாம். இதுக்கும் கப்பல் நிறுவனத்தின் முன்அனுமதி அவசியம்.

பணம் கட்டும் முன் இந்த ஆறு கேள்விகள்

1. நான் புக் பண்ணுற அறையின் கதவு எத்தனை செ.மீ. அகலம்?

2. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை காலியா இருக்கா? கட்டணம் எவ்வளவு?

3. என் ஸ்கூட்டரின் அளவும் எடையும் இது. பேட்டரி இந்த வகை. அனுமதி உண்டா?

4. அறையில் எத்தனை வோல்ட் பிளக், எந்த வடிவம்?

5. எந்தத் துறைமுகங்களில் படகு மாறணும்?

6. ஏறும்போதும் இறங்கும்போதும் உதவிக்கு ஆள் உண்டா?

போனில் கேட்டு `ஓகே சார்'னு பதில் வாங்குறதோட நிறுத்தாதீங்க. இ-மெயிலில் கேளுங்க. வர்ற பதிலை பிரின்ட் எடுத்து டிக்கெட்டோடு வெச்சுக்கோங்க. கேட்கத் தயங்கவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, போக்குவரத்து வசதிகள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்கணும்னு சொல்லுது. நீங்க கேட்பது சலுகை இல்லை.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஸ்கூட்டரைப் பிரிச்சு கார் டிக்கியில் ஏற்றி இறக்கிப் பாருங்க. ரெண்டு சூட்கேஸும் கூடவே ஏறணும், அதையும் சேர்த்து வெச்சுப் பாருங்க.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணலாம். இத்தனை வருஷம் ஒரு குழிக்குள் கால் விட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன், கப்பலிலும் ஒரே அறையில் உட்காரக் கூடாது இல்லையா? ஸ்கூட்டர் கட்டில் பக்கத்திலேயே சார்ஜோடு நின்னா, விடியற்காலையில் உங்களை எழுப்பாம, சாவியைத் திருகி, டெக்கில் போய் காபி குடிச்சுட்டு சூரியன் உதிக்கிறதைப் பார்த்துட்டு வருவார். டேப்பை எடுத்து இன்னைக்கே அளந்துடுங்க!